மெற்றிக் அலகு எது, எது இல்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

களுவாஞ்சிகுடிப் பக்கம் பத்தாம், பதினோராம் தரப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். படுவான்கரையில் எங்கள் குடும்பத்துக்குக் கொஞ்சம் வயலும் உண்டு. அதனால் அலகு பற்றிய சந்தேகம் எனக்கு இரண்டு பக்கத்தாலும் வரும். வகுப்பில் "சேர்" என்று கேட்பார்கள், வரம்பில் "தம்பி" என்று கேட்பார்கள். கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். வாயால் பல தரம் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

சேர், மெற்றிக் அலகு எண்டா என்ன? பத்தால பெருக்கினா மெற்றிக் தானே?

பத்தின் மடங்கு மெற்றிக்கின் ஓர் அடையாளம். ஆனால் அது மட்டும் போதாது. ஒருவர் தன் கைச் சாணை எடுத்து, பத்துச் சாண் ஒரு கோல், பத்துக் கோல் ஒரு கயிறு என்று வைத்துக்கொள்ளலாம். எல்லாம் பத்துத்தான், ஆனாலும் மெற்றிக் ஆகாது. அடுத்த ஊர்க்காரரின் சாண் வேறு.

மெற்றிக் முறையின் உயிர், அலகுகள் ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பதில் இருக்கிறது. 1790களில் பிரான்சில் இதை உருவாக்கியவர்கள் பூமியையே கோலாக எடுத்தார்கள். வடமுனையிலிருந்து பரிஸ் வழியாக நிலநடுக்கோடு வரையுள்ள தூரத்தில் கோடியில் ஒரு பங்கு ஒரு மீற்றர். அந்த மீற்றரின் நூறில் ஒரு பங்கைப் பக்கமாகக் கொண்ட சிறு பெட்டி நிறையத் தண்ணீர் எடுத்தால் அதன் திணிவு ஒரு கிராம். நீளத்திலிருந்து கனவளவு, கனவளவிலிருந்து திணிவு. எந்த அரசனுடைய காலும் கையும் இதில் இல்லை. நான் படிப்பிக்கிற பாடங்களில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

அப்ப 'நவீன' மெற்றிக் எண்டு ஏன் தனியாச் சொல்லுறீங்க?

இடையில் மெற்றிக் குடும்பமே பல கிளையாகப் பிரிந்துவிட்டது. சிலர் சென்ரிமீற்றர், கிராம், செக்கன் மூன்றையும் அடிப்படையாக வைத்துக் கணக்குப் பார்த்தார்கள். சிலர் மீற்றர், கிலோகிராம், செக்கன் என்று வைத்தார்கள். பொறியியலாளர்கள் கிலோகிராமை விசைக்கும் பாவித்தார்கள். 1875 மே 20இல் 17 நாடுகள் மீற்றர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டு, பரிசுக்குப் பக்கத்தில் செவ்ர் என்ற இடத்தில் ஒரு சர்வதேச நிலையத்தை அமைத்தன. அந்த உடன்படிக்கையின் கீழ் நடக்கும் பொது மாநாடு 1960இல் 11ஆவது தடவையாகக் கூடியபோதுதான் எல்லாவற்றையும் ஒரே முறையாக்கி, சர்வதேச அலகு முறைமை என்று பெயர் வைத்தது. சுருக்கமாக எஸ்.ஐ. என்கிறோம். நவீன மெற்றிக் என்று நான் சொல்வது இதைத்தான்.

இதை வகுப்பில் மூன்று கூடையாகப் பிரித்துக் காட்டுவேன். முதல் கூடையில் எஸ்.ஐ. அலகுகள். இரண்டாம் கூடையில் எஸ்.ஐ. அல்லாதவை, ஆனால் எஸ்.ஐ.யோடு சேர்த்துப் பாவிக்கலாம் என்று அதே சர்வதேச அமைப்பு ஏற்றுக்கொண்டவை. மூன்றாம் கூடையில் மெற்றிக் குடும்பத்தில் பிறந்து, இப்போது ஓய்வு கொடுக்கப்பட்டவை. அடி, இறாத்தல், ஏக்கர் போன்றவை எந்தக் கூடையிலும் இல்லை, வெளியே நிற்கின்றன. கீழே இந்தக் கூடைகளை அடிக்கடி சொல்வேன்.

முதல் கூடையில் எத்தனை இருக்கு? ஏழு எண்டுதானே புத்தகத்தில் கிடக்கு?

ஏழு என்பது அடிப்படை அலகுகள் மட்டும்: செக்கன், மீற்றர், கிலோகிராம், அம்பியர், கெல்வின், மூல், கண்டெலா. மூல் 1971இல்தான் சேர்ந்தது. இவற்றைப் பெருக்கியும் வகுத்தும் வருபவை பெறுதி அலகுகள். அவற்றில் 22க்குத் தனிப்பெயர் உண்டு. நியூற்றன், யூல், வாற்று, பஸ்கால், வோல்ற்று எல்லாம் அந்த 22இல் அடங்கும். பெயர் இல்லாதவையும் உண்டு. செக்கனுக்கு மீற்றர் என்பது வேகத்தின் அலகு, அதற்குத் தனிப்பெயர் கிடையாது. ஆனாலும் அது முழுமையான எஸ்.ஐ. அலகுதான்.

கல்லடிப் பாலத்தடியில் பாடும் மீன் கேட்கப் போன பிள்ளை ஒருத்தி, அந்தச் சத்தத்தை எந்த அலகில் சொல்வது என்று கேட்டாள். சத்தம் எவ்வளவு கூர்மையானது என்பதற்கு ஹேர்ட்ஸ். ஒரு செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்பதுதான் அது, அதுவும் அந்த 22இல் ஒன்று. எவ்வளவு பலமானது என்பதற்கு டெசிபெல், அது இரண்டாம் கூடை.

இந்த ஏழுக்கும் அளவு வைச்சது யாரு? எங்கயாவது ஒரு படிக்கல் கிடக்கா?

கிடந்தது. 1889 முதல் செவ்ரில் பிளாற்றினமும் இரிடியமும் கலந்து செய்த ஓர் உருளையை வைத்து, இதுதான் ஒரு கிலோகிராம் என்றார்கள். அதன் பிரதிகள் நாடுகளுக்குப் போயின. நூறு வருடத்தில் ஒப்பிட்டுப் பார்த்தபோது மூலத்துக்கும் பிரதிகளுக்கும் இடையில் ஏறத்தாழ 50 மைக்கிரோகிராம் வித்தியாசம் வந்திருந்தது. ஒரு சீனிப் பரலை விடக் குறைவுதான். ஆனால் எது கூடியது, எது குறைந்தது என்று எவராலும் சொல்ல முடியவில்லை. மூலப் படிக்கல் தேய்ந்தால்கூட, வரைவிலக்கணப்படி அது ஒரு கிலோகிராம்தானே!

2018 நவம்பர் 16இல் கூடிய 26ஆவது மாநாடு அந்த உருளையை விட்டுவிட முடிவெடுத்தது. 2019 மே 20 முதல் ஏழு அலகும் இயற்கையின் மாறிலிகளில் கட்டப்பட்டிருக்கின்றன. சீசியம் அணு வெளிவிடும் கதிர் 9,192,631,770 தடவை அதிர எடுக்கும் நேரம் ஒரு செக்கன். ஒளி ஒரு செக்கனில் 299,792,458 மீற்றர் போகும் என்று நிலைப்படுத்தி, அதிலிருந்து மீற்றர். பிளாங்கின் மாறிலிக்கு ஒரு பெறுமானத்தை நிலைப்படுத்தி, அதிலிருந்து கிலோகிராம். இனி எந்தப் பெட்டகத்தையும் பூட்டிக் காவல் காக்கத் தேவையில்லை.

அப்ப 2019க்குப் பிறகு கடைக் கிலோ மாறிட்டா?

இல்லை. பழைய அளவோடு பொருந்தும்படி பார்த்துத்தான் புதிய எண்ணைத் தெரிவு செய்தார்கள். மாறியது வரைவிலக்கணம், உங்கள் சீனிப் பை அல்ல.

கிலோ எண்டா அலகுதானே? 'ரெண்டு கிலோ தாங்க' எண்டு கேக்கிறம்?

கிலோ என்பது ஆயிரம் என்று பொருள்படும் முன்னொட்டு. கிராம், மீற்றர், வாற்று என்று ஏதாவது ஒன்று பின்னால் வர வேண்டும். கடையில் கேட்பதில் பிழை இல்லை, கடைக்காரருக்கு விளங்கும். பரீட்சைத் தாளில் மட்டும் முழுதாக எழுதுங்கள். அடிப்படை அலகுகள் ஏழிலும் கிலோகிராமுக்கு மட்டும்தான் பெயரிலேயே முன்னொட்டு இருக்கிறது. வரலாற்றால் வந்த ஒட்டு அது.

முன்னொட்டுகள் இப்போது மொத்தம் 24. கடைசி நான்கும் 2022இல் வந்தவை: ரொன்னா, குவெற்றா, ரொன்ரோ, குவெக்ரோ. பழைய புத்தகத்தில் 20 என்று இருந்தால், அது அச்சிட்ட காலத்துக்குச் சரி.

சென்ரிமீற்றர் எஸ்.ஐ. இல்லை எண்டு கெம்பசில படிக்கிற அண்ணன் ஒராள் சொன்னார். மெய்யா?

அவர் சொல்ல வந்தது வேறு. முன்னொட்டுச் சேர்ந்த சென்ரிமீற்றர், மில்லிகிராம், மெகாவாற்று எல்லாம் முதல் கூடைதான். ஆனால் சமன்பாட்டில் போடும்போது இடையில் எந்த எண்ணும் நுழையாமல் விடை தருபவை முன்னொட்டு இல்லாத அலகுகளும் கிலோகிராமும் மட்டும். ஒரு கிலோகிராமை, ஒவ்வொரு செக்கனிலும் வேகம் செக்கனுக்கு ஒரு மீற்றர் கூடும்படி தள்ள வேண்டிய விசை ஒரு நியூற்றன். இங்கே எல்லாம் ஒன்று, ஒன்று, ஒன்று. சென்ரிமீற்றரைப் போட்டால் 100 என்ற எண் உள்ளே வந்துவிடும். ஆகவே பிள்ளைகளுக்கு நான் சொல்வது: கணக்கைத் தொடங்க முன்னம் மீற்றருக்கு மாற்றுங்கள். காரணம் இதுதான், சென்ரிமீற்றர் தாழ்ந்த சாதி என்பதால் அல்ல.

என் சோதனையும் இதிலிருந்து வருகிறது. ஓர் அலகிலிருந்து அந்த ஏழுக்கும் நடந்து போங்கள். வழியில் ஒன்றும் பத்தின் அடுக்குகளும் மட்டும் வந்தால் அது மெற்றிக் குடும்பம். 12, 16, 4.184, 735 போன்றவை குறுக்கிட்டால் அந்த அலகைச் சந்தேகியுங்கள்.

லீற்றர் எஸ்.ஐ. இல்லையாமே? பிறகு ஏன் பால், பெற்றோல் எல்லாம் லீற்றரில?

லீற்றர் இரண்டாம் கூடை. எஸ்.ஐ.யில் கனவளவு கனமீற்றரில்தான். ஒரு லீற்றர் என்பது கனமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அவ்வளவுதான். சோதனையில் நன்றாகவே தேறும், ஆனால் எஸ்.ஐ.க்குள் அதற்கு இடம் தேவையாக இருக்கவில்லை.

இதற்கு ஒரு கதை உண்டு. 1901இல் லீற்றரைக் கனவளவால் அல்ல, ஒரு கிலோகிராம் தண்ணீர் பிடிக்கும் இடம் என்று வரையறுத்தார்கள். தண்ணீரும் படிக்கல்லும் முழுக்கப் பொருந்தாததால் அந்த லீற்றர் கன டெசிமீற்றரை விட பத்து இலட்சத்தில் 28 பங்கு கூடிப்போனது. 1964இல் அதைக் கைவிட்டுப் பழையபடி ஒரு கன டெசிமீற்றர் ஆக்கினார்கள். மோட்டார் சைக்கிளுக்கு நாம் சொல்லும் சீசி, கன சென்ரிமீற்றர்தான். ஒரு சீசியும் ஒரு மில்லிலீற்றரும் ஒன்று. அளவு முதல் கூடை, 'சீசி' என்ற சுருக்கெழுத்து மட்டும் ஏற்கப்பட்டதல்ல.

மழையை ஏன் மில்லிமீற்றரில சொல்லுறாங்க? தண்ணியை லீற்றரில தானே அளக்க வேணும்?

மார்கழி வெள்ளத்தில் எங்கள் ஊரில் எல்லாரும் கேட்கும் கேள்வி. 100 மில்லிமீற்றர் மழை என்றால், தண்ணீர் ஓடாமல், ஊறாமல், ஆவியாகாமல் நின்றால் நிலமெங்கும் 100 மில்லிமீற்றர் உயரம் நிற்கும் என்று பொருள். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் நின்றால் அது சரியாக ஒரு லீற்றர். ஆகவே 100 மில்லிமீற்றர் மழையில் ஒரு ஹெக்டேயர் வயலில் பத்து இலட்சம் லீற்றர், அதாவது ஆயிரம் கனமீற்றர் விழுகிறது. வாய்க்கணக்காகவே வந்துவிடும். ஏக்கரையும் அங்குலத்தையும் வைத்து இதைச் செய்து பாருங்கள், மெற்றிக்கின் அருமை விளங்கும்.

மணிக்கு அறுபது நிமிசம். இது பத்தில்லையே? அப்ப நேரம் மெற்றிக் இல்லையா?

செக்கன் முதல் கூடை. நிமிடம், மணி, நாள் மூன்றும் இரண்டாம் கூடை. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் நாளைப் பத்து மணியாகவும், மணியை நூறு நிமிடமாகவும் பிரித்துப் பார்த்தார்கள். 1793இல் சட்டமாக்கினார்கள், 1795இல் நிறுத்திவைத்தார்கள். மக்கள் ஏற்கவில்லை. ஆகவே மணிக்கு 40 கிலோமீற்றர் காற்று என்று வானிலை அறிக்கை சொன்னால் அது முதல் கூடையும் இரண்டாம் கூடையும் கலந்த அலகு. பிழை ஒன்றும் இல்லை.

கரண்ட் பில்லில 'அலகு' எண்டு கிடக்கே, அது என்ன அலகு?

கிலோவாற்று மணி. ஆயிரம் வாற்றுச் சாதனம் ஒரு மணித்தியாலம் ஓடினால் வரும் சக்தி. மணியில் 3600 செக்கன் இருப்பதால், ஓர் 'அலகு' 36 இலட்சம் யூல். சக்தியின் எஸ்.ஐ. அலகு யூல், 3600 குறுக்கிட்டதால் இது அதன் பக்கத்து வீடு. பிள்ளைகளுக்கு எச்சரிக்கை: கிலோவாற்று வலு, கிலோவாற்று மணி சக்தி. இரண்டையும் மாற்றி எழுதுவதுதான் வருடா வருடம் நான் திருத்தும் பிழை.

தம்பி, பேர்ச், ஏக்கர், ஹெக்டேயர் எண்டு ஒவ்வொருத்தன் ஒவ்வொண்டு சொல்லுறான். எது மெற்றிக்?

ஹெக்டேயர் மட்டும்தான், அதுவும் இரண்டாம் கூடை. பத்தாயிரம் சதுர மீற்றர். நூறு மீற்றருக்கு நூறு மீற்றர் வயல் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஏக்கரும் றூட்டும் பேர்ச்சும் ஆங்கிலேயர் விட்டுப்போனவை. ஓர் ஏக்கர் 4046.86 சதுர மீற்றர், அதில் 160 பேர்ச், ஒரு பேர்ச் 25.29 சதுர மீற்றர். பத்துப் பேர்ச் வளவு என்றால் ஏறத்தாழ 253 சதுர மீற்றர். ஒரு ஹெக்டேயரில் 2.47 ஏக்கர்.

அந்த 2.47ஐ எங்கள் வீட்டில் எவரும் மறக்க மாட்டோம். மாமா ஒரு போகத்தில் களைநாசினிப் போத்தலில் எழுதியிருந்த அளவை முழுதாக எடுத்து ஓர் ஏக்கருக்கு அடித்துவிட்டார். எழுதியிருந்தது ஹெக்டேயருக்கு. இரண்டரை மடங்கு மருந்து விழுந்தது. மூன்றாம் நாள் நெல் ஓலை நுனியிலிருந்து மஞ்சளாகி வந்தது. மாமா வாசிக்கத் தெரிந்தவர், கவனமானவர். எண்ணை வாசித்தார், அலகை வாசிக்கவில்லை. அன்றிலிருந்து மருந்து அடிக்கிற டாங்கியைத் தூக்க முன்னம் போத்தலில் ஏக்கரா ஹெக்டேயரா என்று உரத்து வாசிக்கச் சொல்வேன். ஹெக்டேயருக்கு என்று இருந்தால் 0.4ஆல் பெருக்குங்கள், ஏக்கருக்கு வரும்.

அந்தர், புசல், இறாத்தல் இதெல்லாம் இப்ப மெற்றிக் ஆயிட்டா? அந்தர் 50 கிலோ தானே?

பெயர் பழையது, உள்ளே அளவு மாறிவிட்டது. அந்தர் என்பது 112 இறாத்தல், 50.8 கிலோகிராம். இப்போது உரக்கடையில் ஓர் அந்தர் யூரியா என்றால் 50 கிலோகிராம் பையைத்தான் தருவார்கள். ஒரு இறாத்தல் பாண் என்கிறோம், இறாத்தல் 453.6 கிராம், பாணின் நியம நிறை 450 கிராம். மெற்றிக் அளவுக்குப் பழைய சட்டை போட்ட மாதிரி. இலங்கையில் அளவைகளுக்கான சட்டம் 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம். அதன்படி வியாபாரத் தராசுகள் பரிசோதிக்கப்பட்டு முத்திரை பெற வேண்டும். முத்திரையைப் பார்த்து வாங்குவது உங்கள் உரிமை.

புசல் வேறு விதம். அது உண்மையில் கனவளவு. நெல்லுக்கு ஒரு புசல் 46 இறாத்தல் என்று கணக்கு, அதாவது ஏறத்தாழ 20.9 கிலோகிராம். விளைச்சலை ஏக்கருக்கு இத்தனை புசல் என்று சொல்லும்போது இரண்டு வெளி அலகு ஒன்றாக வருகிறது. ஏக்கருக்கு 100 புசல் என்றால் ஹெக்டேயருக்கு ஏறத்தாழ 5.2 தொன். தொன் ஆயிரம் கிலோகிராம், இரண்டாம் கூடை. பழைய ஆங்கிலத் தொன் 1016 கிலோகிராம், அதனால்தான் மெற்றிக் தொன் என்று அழுத்திச் சொல்கிறார்கள்.

ஒரு கொத்து அரிசி எத்தனை கிலோ, மகன்? சரியாச் சொல்லு.

சரியாகச் சொல்ல முடியாது அம்மா. கொத்தும் சுண்டும் கனவளவு, கிலோகிராம் திணிவு. அதே கொத்தில் சம்பா ஒரு நிறை, நாட்டரிசி ஒரு நிறை, உப்பு இன்னொரு நிறை. குவித்து அளப்பதும் தடவி அளப்பதும் வேறு. உங்கள் கொத்தை ஒரு தரம் நல்ல தராசில் வைத்து, நீங்கள் வழக்கமாக வாங்கும் அரிசிக்கு எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுப்படிக்கு அது போதும். கொத்தைத் தூக்கி எறியச் சொல்லி நான் எவருக்கும் சொன்னதில்லை.

குளத்துத் தண்ணியை 'ஏக்கர் அடி' எண்டுறாங்க. அதென்ன கூத்து?

ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர். 1233.5 கனமீற்றர். இங்கினியாகலையில் கல்லோயாவை மறித்துக் கட்டிய சேனாநாயக்க சமுத்திரத்தின் கொள்ளளவு 770,000 ஏக்கர் அடி என்று சொல்வார்கள். பெருக்கினால் ஏறத்தாழ 95 கோடி கனமீற்றர். வெளி அலகுதான், ஆனாலும் விவசாயிக்கு ஒரு வசதி இருக்கிறது: எத்தனை ஏக்கருக்கு எத்தனை அடி தண்ணீர் என்று மனதிலேயே பார்க்கலாம். மழைக்கு மேலே சொன்ன மில்லிமீற்றர் கணக்கும் இதே யோசனைதான்.

அரை இஞ்சிக் குழாய் 12.7 மில்லிமீற்றர் தானே வர வேணும்? கடையில 20 எண்டு தாறாங்க.

கடைக்காரர் ஏமாற்றவில்லை. அரை இஞ்சி என்பது பழைய இரும்புக் குழாயின் உள்வாயை வைத்து வந்த பெயர். பி.வி.சி. குழாயில் 20 மில்லிமீற்றர் என்பது வெளி விட்டம். முக்கால் இஞ்சிக்கு 25, ஒரு இஞ்சிக்கு 32. ஓர் இஞ்சி 25.4 மில்லிமீற்றர் என்ற மாற்றம் 1959 முதல் மிகச் சரியானது, ஆனால் குழாயின் பெயருக்கு அது பொருந்தாது. பெயர் வேறு, அளவு வேறு. மணல் 'கியூப்'பும் அப்படி ஒரு பெயர்தான். 100 கன அடி, 2.83 கனமீற்றர்.

ஆசுபத்திரியில சீனி 126 எண்டாங்க, வேற இடத்தில 7 எண்டாங்க. எது பிழை?

இரண்டும் சரி, இரண்டும் ஒன்று. 126 என்பது ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் குளுக்கோசு என்பது. 7 என்பது ஒரு லீற்றரில் எத்தனை மில்லிமூல் என்பது. குளுக்கோசுக்கு மட்டும் 18ஆல் வகுத்தால் ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போகலாம். கொலஸ்ரரோலுக்கு வேறு எண். அறிக்கையில் எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள எழுத்தை எப்போதும் வாசியுங்கள்.

பிரஷருக்குப் பாவிக்கும் மில்லிமீற்றர் இரசம் மூன்றாம் கூடை. 120 என்றால் 16 கிலோபஸ்கால். மருத்துவர்கள் உலகம் முழுக்க அதையே பாவிக்கிறார்கள், நீங்களும் அப்படியே சொல்லுங்கள். இன்சுலின் 'யூனிட்' எந்தக் கூடையிலும் இல்லை, அது மருந்தின் வேலைத்திறனை அளப்பது. ஒரு மில்லிலீற்றருக்கு 40 யூனிட் மருந்தும் உண்டு, 100 யூனிட் மருந்தும் உண்டு. போத்தலில் உள்ள எண்ணும் ஊசிக் குழாயில் உள்ள எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் போடாமல் மருந்தாளரிடம் கேளுங்கள். காய்ச்சலுக்கு 102 என்பது பரனைற், செல்சியசில் 38.9. செல்சியஸ் பாகை முதல் கூடைதான், கெல்வினிலிருந்து 273.15 தள்ளி எண்ணத் தொடங்குகிறது.

டைன், ஏர்க் எல்லாம் பத்தின் அடுக்குத்தானே சேர்? ஏன் எஸ்.ஐ. இல்லை?

நல்ல கேள்வி, உயர்தரப் பிள்ளைகள் மட்டும் கேட்பது. ஒரு டைன் நியூற்றனில் இலட்சத்தில் ஒரு பங்கு, ஓர் ஏர்க் யூலில் கோடியில் ஒரு பங்கு. என் சோதனையில் தேறிவிடும், ஆகவே மெற்றிக்தான். ஆனால் அவை சென்ரிமீற்றர், கிராம் கிளையில் பிறந்தவை. எஸ்.ஐ. ஒரே அளவுக்கு ஒரே அலகு என்று நின்றது, நியூற்றன் இருக்கும்போது டைன் தேவையில்லை. மூன்றாம் கூடைக்கு இதைவிடச் சிறந்த உதாரணம் கிடையாது.

கோணத்தை அளக்கும் ஆரையன் இன்னொரு திசை. வில்லின் நீளத்தை ஆரையால் வகுப்பதால் மீற்றரும் மீற்றரும் வெட்டுப்பட்டு வெறும் எண் மிஞ்சுகிறது. ஆனாலும் அதற்குப் பெயர் உண்டு. துணை அலகு என்று தனியாக வைத்திருந்ததை 1995இல் பெறுதி அலகுகளோடு சேர்த்தார்கள்.

போட் எஞ்சின் 15 குதிரைவலு. 'மெற்றிக் குதிரைவலு' எண்டும் இருக்காம். பேரிலயே மெற்றிக் கிடக்கே?

வாழைச்சேனைத் துறையில் ஓர் அண்ணன் கேட்டது. பெயரைப் பார்த்து நம்பக் கூடாது. 75 கிலோகிராம் சுமையை ஒரு செக்கனில் ஒரு மீற்றர் தூக்கும் வலு மெற்றிக் குதிரைவலு, 735.5 வாற்று. ஆங்கிலக் குதிரைவலு 745.7 வாற்று. 75உம் புவியீர்ப்பும் குறுக்கே வருவதால் சோதனையில் விழுந்துவிடும். 15 ஆங்கிலக் குதிரைவலு ஏறத்தாழ 11.2 கிலோவாற்று.

கடலில் பாவிக்கும் மற்ற இரண்டையும் சொல்லிவிடுகிறேன். ஆழம் அளக்கும் பாகம் ஆறடி, 1.83 மீற்றர். கடல்மைல் சரியாக 1852 மீற்றர். இரண்டும் வெளியேதான், ஆனால் கடல்மைல் வழிகாட்டலில் நன்றாக உழைக்கிறது.

தராசு காட்டுறது நிறையா திணிவா? கிலோகிராம் எண்டு எழுதியிருக்கே.

தராசு உணர்வது நிறை, எழுதிக் காட்டுவது திணிவு. நிறை விசை என்பதால் அதன் அலகு நியூற்றன். இங்கே பூமி ஒரு கிலோகிராமை ஏறத்தாழ 9.8 நியூற்றனால் இழுக்கிறது, தராசு அதை வகுத்துக் காட்டுகிறது. படிக்கல் வைத்த இருதட்டுத் தராசு இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுவதால் சந்திரனிலும் அதே கிலோகிராமைக் காட்டும், வில் தராசு ஆறில் ஒரு பங்கைத்தான் காட்டும். பேச்சில் நிறை என்று சொல்வதைத் திருத்தப் போகாதீர்கள், மேலே பாணுக்கு நானும் அப்படித்தான் எழுதினேன்.

போனில ஒரு ஜீபி எண்டா 1000 எம்பியா, 1024ஆ?

கிலோ, மெகா, கிகா மூன்றும் எஸ்.ஐ.யில் எப்போதும் 1000இன் அடுக்குகள்தான். 1024இன் அடுக்குகளுக்கு 1998இல் கிபி (kibi), மெபி (mebi), கிபி (gibi) என்று ஒலிக்கும் தனி முன்னொட்டுகள் வந்தன. பைற்று எந்தக் கூடையிலும் இல்லை. முன்னொட்டை மட்டும் கடன் வாங்கியிருக்கிறது.

குறியீட்டை பெரிய எழுத்தில எழுதினா என்ன? புள்ளி வெட்டுவாங்களா?

வெட்டுவார்கள், வெட்டவும் வேண்டும். ஆங்கிலத்தில் சிறிய எம் மில்லி, பெரிய எம் மெகா. இடையில் நூறு கோடி மடங்கு வித்தியாசம். கிலோவின் கே சிறியது, பெரிய கே கெல்வின். ஆளின் பெயரால் வந்த அலகின் குறியீடு பெரிய எழுத்தில் தொடங்கும், நியூற்றன், வாற்று, பஸ்கால் போல. லீற்றருக்கு மட்டும் சலுகை: சிறிய எல் ஒன்று என்ற இலக்கம் போலத் தெரிவதால் 1979 முதல் பெரிய எல்லும் ஏற்கப்பட்டது. குறியீட்டில் பன்மை இல்லை, முடிவில் புள்ளி இல்லை, எண்ணுக்கும் குறியீட்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு.

இனி ஒண்டும் மாறாது தானே? நாங்க பாடமாக்கிப்போட்டம்.

செக்கன் மாறலாம். சீசியத்தை விட நுணுக்கமாக நேரம் காட்டும் ஒளிக் கடிகாரங்கள் வந்துவிட்டன. 2022 மாநாடு செக்கனுக்குப் புதிய வரைவிலக்கணம் தயாரிக்கச் சொல்லி, 2030 மாநாட்டில் முடிவெடுக்கும் நோக்கோடு வேலையைத் தொடக்கியிருக்கிறது. எந்த அணுவை எடுப்பது என்பதில்தான் பேச்சு. மேலே எழுதிய 9,192,631,770 என்ற எண் அப்போது வரைவிலக்கணத்திலிருந்து போகும். கிலோகிராமில் நடந்ததுபோலவே, சுவர்க் கடிகாரத்தில் எதையும் திருத்த வேண்டி வராது.